பூவை வென்ற இலை!

குளிர் நாட்டுத் தோட்டங்களில் "பவள மணி" காட்டும் வண்ண ஜாலம்

பூவுக்காகச் செடி வளர்ப்பது உண்டு. காய்க்காகச் செடி வளர்ப்பது உண்டு. இலையின் அழகுக்காகவே செடி வளர்ப்பதும் உண்டு. நம் ஊர் வீட்டு வாசல்களில் குரோட்டன்ஸ் தொட்டிகள் நிற்பது அதற்காகத்தான்.

பனி கொட்டும் நாடுகளில் குரோட்டன்ஸ் வெளியே நிற்காது. ஒரு குளிர்காலம் வந்தால் கருகிவிடும். அங்கே உள்ளவர்கள் வண்ண இலைகளுக்கு என்ன செய்கிறார்கள்?

அவர்களுக்கென்று ஒரு செடி இருக்கிறது. அதன் பெயர் "கோரல் பெல்ஸ்". தமிழில் சொன்னால் "பவள மணி"!

முழங்கால் உயரம்கூட வளராத செடி அது. அதன் இலைகளோ ஒரு வண்ணக் கடை! கருநாவல் நிறம், செம்பு நிறம், ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், வெள்ளி என்று எத்தனையோ நிறங்கள். ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும் இலைகளும் உண்டு. ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் இருக்கும். பனி பெய்தாலும் பல ரகங்களில் இலை முழுவதும் உதிர்வதில்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தச் செடியை ஆசையோடு வாங்குகிறார்கள். வாங்கி ஏமாந்தவர்களும் அங்கே ஏராளம்! வசந்த காலத்தில் வாங்கி நட்டார்கள். கோடையில் செடி சோர்ந்தது. மறு வசந்தத்தில் அந்த இடம் காலி!

பக்கத்து வீட்டிலோ அதே பவள மணி பத்து இலை இருபது இலையாகப் பெருகி நின்றது. இங்கே செத்தது ஏன்? அங்கே பிழைத்தது எப்படி? அந்த விடை செடியின் பிறப்பிலேயே இருக்கிறது.

படிகார வேர்

பவள மணியின் தாய்நாடு வட அமெரிக்கா. வேறு எந்தக் கண்டத்திலும் அது தானாக முளைப்பதில்லை. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

தோட்டத்துக்கு வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அது மருந்துப் பெட்டிக்கு வந்துவிட்டது. அதன் வேரை வாயில் போட்டு மென்றால் நாக்கு சுருங்கும். அவ்வளவு துவர்ப்பு! அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் அந்த வேரைப் புண்ணுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். பிறகு வந்து குடியேறிய வெள்ளையர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ரத்தக் கசிவை நிறுத்தவும் அது உதவியது.

முகச் சவரம் செய்யும்போது கத்தி பட்டுவிட்டால் படிகாரத்தைத் தேய்ப்பார்கள் அல்லவா? அதே குணம் இந்த வேருக்கும் உண்டு. அதனால் "படிகார வேர்" என்றே அதற்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது.

தாவரங்களுக்கெல்லாம் முறைப்படி பெயர் சூட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1753-ஆம் ஆண்டு இந்தச் செடிக்கு "ஹியூக்கரா" என்று பெயர் வைத்தார். ஜெர்மனியில் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஹியூக்கர் என்பவரின் நினைவாக வைத்த பெயர் அது. மருந்துச் செடிக்கு மருத்துவரின் பெயர்!

பவள நிறப் பூக்கள்

"பவள மணி" என்ற அழகான பெயர் பூவினால் வந்தது.

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கும் பக்கத்து மெக்சிகோவிலும் மலைப் பாறை இடுக்குகளில் ஓர் இனம் வளர்கிறது. நீண்டு மெலிந்த காம்பின் நுனியில் சின்னஞ்சிறு சிவப்பு மணிகளாக அதன் பூக்கள் தொங்கும். தேன் உறிஞ்சும் ஹம்மிங் பறவைகள் அந்தப் பூக்களைத் தேடி வரும்.

தோட்டக்காரர்களின் கண் முதலில் இந்தப் பூவின் மீதுதான் விழுந்தது. பிரான்ஸ் நாட்டில் நான்சி என்ற நகரில் லெமுவான் என்ற புகழ்பெற்ற செடி வளர்ப்புக் குடும்பம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் இந்தச் சிவப்புப் பூ இனத்தை வேறு இனங்களோடு கலந்து புதிய ரகங்களை உண்டாக்கினார்கள். பிறகு இங்கிலாந்தில் ஆலன் புளூம் என்ற நிபுணர் தமது பிரெசிங்காம் தோட்டத்தில் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

அவர்கள் எல்லோரும் பூவைத்தான் பார்த்தார்கள். பூ பெரிதாக வேண்டும், சிவப்பு கூட வேண்டும், காம்பு நீள வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். இலையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இலை பச்சையாக இருந்தது. அவ்வளவுதான்!

அரண்மனை ஊதா

1980-ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை மாறியது.

லண்டன் நகரில் கியூ என்ற இடத்தில் உலகப் புகழ்பெற்ற தாவரத் தோட்டம் இருக்கிறது. அங்கே பிரயன் ஹாலிவெல் என்ற தோட்டக்கலை நிபுணர் வேலை பார்த்தார். பச்சை நாற்றுகளுக்கு நடுவே ஊதா இலைச் செடி ஒன்று அவர் கண்ணில் பட்டது.   அவர் அதைத் தனியாக எடுத்து வளர்த்தார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பழைய அரண்மனை உண்டு. அதை நினைவூட்டும்படி செடிக்கு "பேலஸ் பர்ப்பிள்" என்று பெயர் வந்தது. "அரண்மனை ஊதா" என்று பொருள்.

செடி கடல் கடந்து தாய்நாட்டுக்கே திரும்பியது. அமெரிக்காவில் பல்லாண்டுச் செடி வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. அந்தச் சங்கம் 1990 முதல் ஆண்டுக்கு ஒரு செடியைச் சிறந்த செடியாகத் தேர்ந்தெடுத்து வருகிறது. 1991-ல் அந்தப் பட்டத்தைப் பெற்றது "பேலஸ் பர்ப்பிள்"!

பூவுக்குக் கிடைக்காத புகழ் இலைக்குக் கிடைத்தது.

புகழோடு ஒரு தொல்லையும் வந்தது. எல்லோரும் அந்தச் செடியைக் கேட்டார்கள். அவ்வளவு பேருக்கும் கொடுக்க வேண்டுமே! பண்ணைக்காரர்கள் விதை போட்டு நாற்று வளர்த்தார்கள். நல்ல மாம்பழத்தின் கொட்டையை ஊன்றினால் அதே பழம் கிடைக்குமா? கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இங்கேயும் அதே கதைதான். விதையில் வந்த நாற்றுகளில் சில ஊதாவாக இருந்தன. சில வெளிறிப் பச்சையாகவே வந்தன. கடையில் எல்லாவற்றுக்கும் "பேலஸ் பர்ப்பிள்" என்றே சீட்டு கட்டியிருந்தது!

கண்ணாடிக் குப்பியில் கன்று

இதற்கு வழி கண்டது விஞ்ஞானம். செடியின் ஒரு துளி திசுவை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் சத்துக் கூழின் மேல் வைத்து வளர்ப்பார்கள். அதிலிருந்து கன்றுகள் முளைக்கும். அவற்றைப் பிரித்தால் மேலும் கன்றுகள். ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் கிடைக்கும். தாய்ச் செடிக்கும் கன்றுக்கும் நிறம் மாறாது. இதற்குத் "திசு வளர்ப்பு" என்று பெயர். நம் ஊரில் வாழைக் கன்று வளர்க்கும் முறையும் இதுதான்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் டான் ஹெய்ம்ஸ் என்ற செடி வளர்ப்பு நிபுணர் இருக்கிறார். அவரும் சேர்ந்து தொடங்கிய "டெரா நோவா" என்ற பண்ணை 1992 முதல் இந்த முறையில் புதுப் புது பவள மணிகளைக் கடைக்கு அனுப்பியது. ஊதாவோடு வெள்ளி சேர்ந்தது. பிறகு கறுப்பு வந்தது. எலுமிச்சை நிறமும் ஆரஞ்சு நிறமும் வந்தன. ஆண்டுதோறும் புதிய பெயர்கள்!

எங்கே தவறு?

மக்கள் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கினார்கள். அங்கேதான் தவறு நடந்தது.

ஓரிகன் மாநிலம் அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம். அங்கே கோடை கடுமையாக இருக்காது. இரவில் குளிர்ந்துவிடும். காற்றில் புழுக்கம் கிடையாது. மேற்குக் கரையில் தானாக வளரும் பவள மணி இனம் ஒன்று உண்டு. அந்த இனத்தின் கலப்பு பல புதிய ரகங்களில் இருந்தது. அந்த ரகங்கள் அங்கே செழித்தன.

அதே செடி கிழக்குப் பகுதிக்கும் தெற்குப் பகுதிக்கும் போனது. அங்கே கோடையில் வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும். இரவிலும் ஆறாது. கனமழையும் பெய்யும். குளிர்ந்த கரையில் பிறந்த இனம் அதைத் தாங்குமா? வேர் அழுகியது. இலை சுருண்டது. வாங்கியவர் தமக்குச் செடி வளர்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவர் மீது குற்றமே இல்லை!

காப்பாற்ற வந்த காட்டுச் செடி

அமெரிக்காவின் தென்கிழக்கு மலைக் காடுகளில் இன்னோர் இனம் வளர்கிறது. அதன் பெயர் "வில்லோசா". "மயிர் அடர்ந்தது" என்று பொருள். இலைக் காம்பில் பூனை முடிபோல் மயிர் இருக்கும். இலை பெரியது. பூ கோடையின் கடைசியில்தான் வரும். பூ வெண்மையாக இருக்கும். பார்ப்பதற்குச் சாதாரணச் செடி.

அதன் பலம் வேறு. வெப்பமும் புழுக்கமும் அதற்குப் பழகிப்போனவை. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே வாழ்ந்த இனம் அல்லவா?

பிரான்ஸ் நாட்டின் தியெரி டெலாப்ராய் என்ற செடி வளர்ப்பாளர் இந்த வில்லோசாவின் வழியில் புதிய ரகங்களை எடுத்தார். அவற்றில் ஒன்றின் பெயர் "கேரமல்". காய்ச்சிய வெல்லப்பாகின் நிறம் அதற்கு. அந்தக் கேரமல் செடியிலேயே ஒரு கிளை எலுமிச்சை மஞ்சளாக மாறியது. அதைப் பிரித்து வளர்த்தார்கள். அதற்கு "சிட்ரனெல்" என்று பெயர். அழகும் வந்தது, ஆயுளும் கூடியது!

83 செடிகளுக்குப் பரீட்சை

எந்த ரகம் நிற்கும், எந்த ரகம் விழும் என்று பார்க்க ஒரு பரீட்சையே நடந்தது.

அமெரிக்காவின் கிழக்கே டெலவேர் மாநிலத்தில் "மவுண்ட் கியூபா" என்ற தாவர மையம் இருக்கிறது. அங்கே 83 ரகப் பவள மணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள். 2012 முதல் 2014 வரை கவனித்து மதிப்பெண் போட்டார்கள். கோடையில் எப்படி, குளிரில் எப்படி, மூன்றாவது ஆண்டில் எப்படி என்று பார்த்தார்கள்.

பல ரகங்கள் வாடி வதங்கின. முன்வரிசையில் வந்தவற்றில் வில்லோசாவின் வழி வந்த ரகங்கள் இருந்தன. மிகச் சிறந்தவை என்று பெயர் வாங்கியவற்றில் ஒன்று நாம் மேலே பார்த்த "சிட்ரனெல்"!

பக்கத்து வீட்டுச் செடி பிழைத்ததற்கும் இந்த வீட்டுச் செடி செத்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். இரண்டுக்கும் பெயர் பவள மணிதான். தாய்நிலம் வேறு!

நிறம் எங்கிருந்து வருகிறது?

எல்லா இலையிலும் பச்சையம் உண்டு. அதுதான் செடிக்குச் சோறு சமைக்கிறது. பவள மணியிலும் பச்சையம் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு சாயம் திரைபோல் மூடுகிறது. நாவல் பழத்துக்கும் சிவப்பு முட்டைக்கோசுக்கும் நிறம் கொடுக்கும் சாய வகைதான் அது. "ஆந்தோசயனின்" என்று சொல்வார்கள். அது கூடினால் இலை ஊதாவாகும். மேலும் கூடினால் கறுப்பாகத் தெரியும். குளிர் வந்தால் சில ரகங்களில் இந்தச் சாயம் கூடி நிறம் இன்னும் அழுத்தமாகும்.

வெள்ளி நிறத்தின் கதை வேடிக்கையானது. அங்கே சாயமே இல்லை! இலையின் மேல் தோலுக்கும் உள் சதைக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது. நமக்கு அது வெள்ளியாகத் தெரிகிறது.

வளர்க்கும் முறை

குளிர் நாடுகளில் அனுபவசாலிகள் பவள மணியை வளர்க்கும் முறை இது.

1. இடம்: காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடம் சிறந்தது. கருத்த இலை ரகங்கள் சற்று அதிக வெயிலைத் தாங்கும். மஞ்சள் இலை ரகங்களை உச்சி வெயிலில் வைத்தால் ஓரம் கருகும். அடர்ந்த இருட்டு நிழலில் வைத்தால் நிறம் மங்கும்.

2. மண்: மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். மக்கிய இலை எருவைக் கலக்கலாம். தண்ணீர் தேங்கவே கூடாது. குளிர்காலத்தில் ஈரம் தேங்கினால் செடியின் அடித்தண்டு அழுகும். களிமண் நிலமாக இருந்தால் மேடு கட்டி நடுவார்கள்.

3. தண்ணீர்: முதல் ஆண்டில் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் பிடித்த பிறகு நாள்தோறும் ஊற்றத் தேவையில்லை. மேல் மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

4. உரம்: கொஞ்சம் போதும். உரம் மிகுந்தால் இலை கொழுத்து மெலிவாகும். நோய்க்கு இடம் கொடுக்கும்.

5. குளிர்காலம்: மண்ணில் உள்ள ஈரம் இரவில் உறைந்து பகலில் உருகும். அப்போது மண் உப்பி உப்பி அடங்கும். செடி மெல்ல மேலே தள்ளப்பட்டு வேர் வெளியே தெரியும். காலால் மெதுவாக அழுத்தி மண் அணைத்துவிட வேண்டும். சருகைப் பரப்பி மூடாக்குப் போடுவார்கள். செடியின் குருத்தை மட்டும் மூடக் கூடாது.

6. வசந்தம்: பழைய, கிழிந்த இலைகளைக் கிள்ளிவிட்டால் புதிய இலைகள் பளபளவென்று வரும்.

செடியைப் பிரிக்கும் வித்தை

மூன்று நான்கு ஆண்டுகள் ஆனால் பவள மணிக்கு வயது தெரியும். நடுத் தண்டு மரம்போல் தடித்து நீளும். உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை இருக்கும். கீழே வெறும் கழுத்து! செடி போய்விட்டது என்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள்.

எறியத் தேவையே இல்லை. வசந்தத்திலோ இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலோ செடியை முழுவதும் தோண்டி எடுக்க வேண்டும். தண்டுகளைக் கையாலோ கத்தியாலோ பிரிக்க வேண்டும. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வேரும் ஒரு கொத்து இலையும் இருக்கட்டும். இலைக் கொத்து மண்ணோடு படியும்படி, நீண்ட தண்டைப் புதைத்து நட வேண்டும். வேர் இல்லாத துண்டும் ஈர மண்ணில் வேர் விடும்.

ஒரு கிழட்டுச் செடி நான்கு இளஞ்செடிகளாகிவிடும். காசு செலவில்லை!

இரண்டு பகைவர்கள்

பவள மணிக்குப் பகைவர்கள் அதிகம் இல்லை. மான்களும் பொதுவாக அதை விரும்புவதில்லை. இரண்டு பகைவர்களை மட்டும் கவனிக்க வேண்டும்.

முதல் பகைவன் கறுப்புக் கூன்வண்டு. அது பறக்காது. இரவில் ஊர்ந்து வந்து இலை ஓரத்தைச் சின்னச் சின்னதாகக் கடிக்கும். அதனால் பெரிய ஆபத்து இல்லை. மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் ஆபத்து. வெள்ளை நிறத்தில் சுருண்டு கிடக்கும் அந்தப் புழு வேரை முழுவதும் தின்றுவிடும். மேலே செடி நன்றாகத்தான் தெரியும். ஒரு நாள் லேசாகத் தொட்டால் கையோடு வந்துவிடும்! தொட்டிச் செடிகளில் இந்தத் தொல்லை அதிகம். இந்தப் புழுவைத் தேடிக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை அங்கே விற்கிறார்கள். தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றினால் போதும். வேர் போன செடியையும் புழுவை உதறிவிட்டு, தண்டைப் புதைத்து நட்டுப் பிழைக்க வைக்கலாம்.

இரண்டாவது பகைவன் துரு நோய். குளிர்ந்த ஈரக் காற்றில் இது வரும். இலையின் மேல் பள்ளம் பள்ளமாகப் புள்ளி தோன்றும். திருப்பிப் பார்த்தால் அடியில் செம்பழுப்புத் தூள். அந்த இலைகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். செடிகளை நெருக்கமாக நடாமல் காற்றோட்டம் விட வேண்டும். தண்ணீரை இலைமீது ஊற்றாமல் அடியில் ஊற்ற வேண்டும்.

வாங்கும்போது கேளுங்கள்!

கடையில் செடி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அங்கே பந்தல் நிழலும் வேளைக்குத் தண்ணீரும் கிடைக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான் செடியின் குணம் தெரியும்.

அதனால் அங்குள்ள அனுபவசாலிகள் இப்போது நிறத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கிறார்கள். முதலில் அவர்கள் கேட்கும் கேள்வி: "இதன் தாய் எந்த ஊர்?" கோடை கடுமையான இடமா? வில்லோசா வழி வந்ததை எடு. கோடை குளிர்ந்த இடமா? மற்றவையும் பிழைக்கும். செடிச் சீட்டில் அந்த விவரம் இல்லாவிட்டால் விற்பவரைக் கேட்கிறார்கள். புதிய ரகமாக இருந்தால் ஒன்றே ஒன்று வாங்கி நட்டு, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கடக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். பிழைத்தால் அதையே பிரித்து நான்காக்கிக் கொள்கிறார்கள்.

பவள மணிக்கு மட்டும் சொன்ன புத்தி அல்ல இது. எந்தச் செடிக்கும் பொருந்தும். இலையின் நிறம் வாங்கும் நாளில் தெரியும். வேரின் பலம் மறு ஆண்டில் தெரியும்!